பயன்பாடு 60 விழுக்காடுதான். ஆனாலும் கெடு தவறுகிறது

பதிவு 1 | தறிமேடை

வணக்கம். நூலைக் கூம்பு வடிவக் கோனில் சுற்றும் இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு நான் மென்பொருள் எழுதியிருக்கிறேன். மேசைமேல் வைத்து வாரக்கணக்கில் ஓட்டியபோது எந்தக் குறையும் காட்டாத அந்தப் பலகை, நூற்பாலையில் பொருத்தியதிலிருந்து நாளுக்கு ஓரிரு முறை தானாக மறுதொடக்கம் ஆகிறது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நூல் அறுந்து, பணியாளர் ஒருவர் வந்து முடிச்சிட்டு மறுபடி ஓட்டிவிட வேண்டியிருக்கிறது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இது பெரும் தொல்லை என்பதால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

அமைப்பை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கரு கொண்ட மைக்ரோகன்ட்ரோலரில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் சிறு நிகழ்நேர இயங்குதளம் ஓடுகிறது. பணிகள் மூன்று. நூலின் இழுவிசையை அளந்து மோட்டாரைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டுப் பணி 10 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுந்து 2 மில்லிநொடி ஓடும். முன்னுரிமை எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஆலையின் மையக் கணினி மோட்பஸ் என்னும் தொடர்பு நெறிமுறை வழியாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடை தரும் தொடர்புப் பணிக்கு நடு முன்னுரிமை. இரண்டு கேள்விகளுக்கு இடையே குறைந்தது 40 மில்லிநொடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 மில்லிநொடி செலவாகும். உற்பத்திக் கணக்கை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் பதிவுப் பணி 200 மில்லிநொடிக்கு ஒருமுறை எழும், 30 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும், முன்னுரிமை கடைசி. ஒவ்வொரு பணிக்கும் அதன் அடுத்த சுற்று தொடங்கும் கணமே கெடு.

மோட்டார் கட்டுப்பாடின்றி ஓடக்கூடாது என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பணி கெடுவுக்குள் முடியாவிட்டால் பலகையை மறுதொடக்கம் செய்யும்படி நானே எழுதியிருக்கிறேன். ஆகவே தவறுவது அதன் கெடுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பணியின் ஓட்ட நேரத்தையும் அதன் சுற்று இடைவெளியால் வகுத்துப் பயன்பாட்டைக் கணக்கிட்டால் 0.20, 0.25, 0.15 என்று மொத்தம் 0.60 தான் வருகிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு நேரம் செயலி வேலையின்றி இருக்கும்போது, முதல் முன்னுரிமை பெற்ற பணிக்கே நேரம் கிடைக்காமல் போவது எப்படி?

பதிவு 2 | சில்லுக்கடை

செயலியின் வேகம் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இதே குடும்பத்தில் இரட்டை வேகச் சில்லு கிடைக்கிறது. கால்கள்கூட அப்படியே பொருந்தும். சில்லை மாற்றினால் பயன்பாடு 30 விழுக்காடாகக் குறையும்; ஒரு நாளில் வேலை முடிந்துவிடும்.

பதிவு 3 | நொடிமுள்

சில்லை மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்த மூன்று பணிகளும் எதையாவது பகிர்ந்துகொள்கின்றனவா? ஒரே பஸ் (சில்லுகளை இணைக்கும் பொதுத் தடம்), ஒரே நினைவகப் பகுதி, ஒரே பூட்டு என்று ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். உங்கள் பதிவில் பணிகளின் ஓட்ட நேரம் இருக்கிறது. ஒரு பணி மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் நேரம் எங்குமே இல்லை. முடிந்தால் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு பணிக்கும் ஒரு வெளியீட்டுக் காலை ஒதுக்கி, பணி ஓடத் தொடங்கும்போது அதை உயர்த்தி, நிற்கும்போது இறக்கி, மூன்று கால்களையும், ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு பதியும் லாஜிக் அனலைசரில் பாருங்கள். மறுதொடக்கம் ஆவதற்கு முந்தைய 30 மில்லிநொடி நமக்குப் போதும்.

பதிவு 4 | தறிமேடை

நொடிமுள் ஐயா, நீங்கள் சொன்னபடி ஆலையிலேயே அனலைசரை விட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் அதிகாலையில் ஒன்று சிக்கியது. கட்டுப்பாட்டுப் பணியின் கோடு எழுந்து 0.3 மில்லிநொடியிலேயே விழுந்துவிடுகிறது. உடனே பதிவுப் பணியின் கோடு எழுகிறது. ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை, தொடர்புப் பணியின் கோடு எழுந்து ஏறத்தாழ 10 மில்லிநொடி அப்படியே நிற்கிறது. அது இறங்கியதும் பதிவுப் பணி சிறிது ஓடுகிறது. அதன் பிறகுதான் கட்டுப்பாட்டுப் பணி மறுபடி எழுகிறது. ஆனால் அதற்குள் கெடு கடந்துவிட்டதால் பலகை மறுதொடக்கம் ஆகிறது.

பகிர்வு பற்றிக் கேட்டீர்கள். இழுவிசை உணரியின் அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி சில்லும் ஃபிளாஷ் சில்லும் எஸ்பிஐ என்னும் ஒரே தொடர் பஸ்ஸில் இருக்கின்றன. இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் பஸ்ஸைத் தொடக்கூடாது என்பதற்காகப் பைனரி செமஃபோர் (இரண்டே நிலை கொண்ட மென்பொருள் கொடி) ஒன்றைப் பூட்டாக வைத்திருக்கிறேன். பதிவுப் பணி ஒரு பக்கத்தை எழுதும்போது அதிகபட்சம் 3 மில்லிநொடி அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும். தொடர்புப் பணி இந்தப் பஸ்ஸைத் தொடுவதே இல்லை.

பதிவு 5 | நொடிமுள்

தொடர்புப் பணி பஸ்ஸைத் தொடுவதே இல்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரியில்தான் விடை இருக்கிறது. அனலைசரில் பார்த்ததை வரிசைப்படுத்துகிறேன். பதிவுப் பணி பூட்டைப் பிடித்திருக்கும் வேளையில் கட்டுப்பாட்டுப் பணி எழுகிறது. பூட்டுக் கிடைக்காமல் உறங்கப் போகிறது. முன்னுரிமை உயர்ந்திருந்தும் கீழ்ப் பணிக்காகக் காத்திருக்க வேண்டிய இந்த நிலை பஸ்ஸைப் பகிர்வதால் வருவது, தவிர்க்க இயலாதது, 3 மில்லிநொடிக்குமேல் போகவும் போகாது. ஆனால் அந்த இடைவெளியில் மையக் கணினியின் கேள்வி வந்துவிட்டால், நடு முன்னுரிமை கொண்ட தொடர்புப் பணி பதிவுப் பணியை ஓரங்கட்டிவிட்டு 10 மில்லிநொடி ஓடுகிறது. பூட்டு பதிவுப் பணியின் கையில் இருக்கிறது. பதிவுப் பணிக்கோ செயலி கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பணி இருவருக்கும் பின்னால் நிற்கிறது. 3-உம் 10-உம் 2-உம் சேர்ந்து 15 மில்லிநொடி. கெடு 10. முன்னுரிமை தலைகீழாதல் என்று இதைச் சொல்வார்கள்.

பயன்பாட்டுக் கணக்கு ஏன் இதைக் காட்டவில்லை என்பதையும் பார்த்துவிடலாம். லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973இல் நிறுவிய எல்லையின்படி, குறுகிய கால இடைவெளி கொண்ட பணிக்கு உயர்ந்த முன்னுரிமை தந்தால், இரண்டு பணிகளுக்கு 0.828, மூன்று பணிகளுக்கு 0.780, எத்தனை பணிகள் ஆனாலும் 0.693 வரை எந்தக் கெடுவும் தவறாது. உங்கள் 0.60 அதற்குள் இருக்கிறது. அந்தத் தேற்றத்திலும் பிழை கிடையாது. ஆனால் பணிகள் ஒன்றையொன்று சாராதவை, எதுவும் எதற்காகவும் காத்திருக்காது என்ற நிபந்தனையின் மேல்தான் அவர்கள் அதை நிறுவினார்கள். நீங்கள் பூட்டு ஒன்றை வைத்த அந்த நொடியே நிபந்தனை உடைந்துவிட்டது. பாடநூலைப் படித்து வருபவர்கள் 0.693 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எனவே மொத்தப் பயன்பாட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு பணியும் மிக மோசமான நிலையில் எத்தனை மில்லிநொடியில் முடியும் என்று தனித்தனியே கணக்கிடுவதே சரியான வழி. பூட்டு இல்லை என்று வைத்துக்கொண்டால் கட்டுப்பாட்டுப் பணிக்கு 2. தொடர்புப் பணிக்குத் தன் 10 மில்லிநொடியோடு, அது முடிவதற்குள் எழும் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் ஒவ்வொன்றுக்கும் 2 சேர்க்க வேண்டும்: முதலில் 12 வரும், 12 மில்லிநொடிக்குள் இரண்டு சுற்றுகள் எழுந்துவிடும் என்பதால் 14, மறுபடி போட்டாலும் 14தான், அங்கே நின்றுவிடுகிறது. பதிவுப் பணிக்கு இதே முறையில் 46, 60, 62, 64 என்று ஏறி 64இல் நிற்கும். மூன்றும் கெடுவுக்குள்தான். இந்தக் கணக்கில் ‘கீழ்ப் பணிக்காகக் காத்திருக்கும் நேரம்’ என்று ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும், படம் முழுமையாகிவிடும். உங்களிடம் இப்போது கட்டுப்பாட்டுப் பணிக்கான அந்த எண் 13. அது 3ஆக இருக்க வேண்டும்.

அதற்கு வழி எளிது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பைனரி செமஃபோரும் மியூடெக்ஸும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு. பூட்டை வைத்திருக்கும் கீழ்ப் பணிக்காக மேல்பணி காத்திருக்க நேர்ந்தால், மியூடெக்ஸ் அந்தக் கீழ்ப் பணிக்கு மேல்பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக இரவல் கொடுக்கும். பூட்டை விட்டதும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். செமஃபோர் அப்படிச் செய்யாது. அது ஒரு பணி இன்னொன்றுக்குச் சைகை காட்டுவதற்காக அமைந்தது. பூட்டை மியூடெக்ஸாக மாற்றுங்கள். தொடர்புப் பணியால் பதிவுப் பணியை நடுவில் ஓரங்கட்ட முடியாமல் போகும். கட்டுப்பாட்டுப் பணியின் மோசமான நேரம் 3-உம் 2-உம் சேர்ந்து 5 ஆகிவிடும்.

பதிவு 6 | செம்மண்தடம்

நொடிமுள் விளக்கிய அதே வரிசை 1997இல் செவ்வாய்க் கோளில் நடந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தறிமேடை நண்பரின் அனலைசர் படத்தைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் அவ்வாண்டு ஜூலை 4 அன்று தரையிறங்கியது. சில நாட்களில், வானிலை அளவுகளைத் திரட்டத் தொடங்கிய பிறகு, கலத்தின் கணினி அவ்வப்போது தன்னையே மறுதொடக்கம் செய்யத் தலைப்பட்டது. விஎக்ஸ்ஒர்க்ஸ் என்னும் நிகழ்நேர இயங்குதளம், 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஆர்ஏடி6000 செயலி. கருவிகளை இணைக்கும் 1553 பஸ் நொடிக்கு 8 முறை, அதாவது 0.125 நொடிக்கு ஒருமுறை, ஒரு சுற்று ஓடும். அடுத்த சுற்றுக்கான பரிமாற்றங்களை ஒரு பணி அமைக்கும். வந்த தரவை எடுத்துப் பங்கிடுவது மற்றொரு பணி. அமைக்கும் பணி எழும்போது, பங்கிடும் பணி முந்தைய சுற்றை முடித்திருக்கிறதா என்று பார்க்கும். முடித்திருக்காவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யும். தறிமேடை தன் பலகையில் வைத்த காவலும் இதுவே.

வானிலைக் கருவிக்கான பணி மிகத் தாழ்ந்த முன்னுரிமை கொண்டது. அது தரவுக்காகக் காத்திருக்க இயங்குதளத்தின் செலக்ட் என்ற அழைப்பைப் பயன்படுத்தியது. அந்த அழைப்புக்குள்ளே ஒரு மியூடெக்ஸ் இருந்தது. அதாவது பூட்டை வைத்தவர்கள் கலத்தின் மென்பொருளை எழுதியவர்கள் அல்லர். அவர்கள் அழைத்த நூலகத்துக்குள் அது மறைந்திருந்தது. வானிலைப் பணி அந்த மியூடெக்ஸைப் பிடித்திருக்கும் கணத்தில் நடு முன்னுரிமைப் பணிகள் அதை ஓரங்கட்டின, பங்கிடும் பணி வானிலைத் தரவை அனுப்பும்போது அதே மியூடெக்ஸுக்காகக் காத்து நின்றது, சுற்று முடிந்தது, மறுதொடக்கம். ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின.

கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த மாற்றுக் கணினியில் அதே மென்பொருளை, நிகழ்ச்சிகளை வரிசையாகப் பதிவுசெய்யும் வசதியோடு ஓட்டி, அந்தச் சிக்கலை மறுபடி தோன்றவைத்தார்கள். கண்டுபிடித்த பிறகு திருத்தம் மிகச் சிறியதாக இருந்தது: அந்த மியூடெக்ஸ் உருவாகும்போது இரவல் முன்னுரிமை தேவையா என்று சொல்லும் ஒரு மாறியின் மதிப்பை மாற்றிக் கலத்துக்கு அனுப்பினார்கள். வசதி அங்கேயே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

அந்தக் குழுவின் மென்பொருள் தலைவர் பின்னர் எழுதிய விளக்கத்தில் ஒரு செய்தி உண்டு. தரையிறங்குவதற்கு முன்பே சோதனையில் இந்த மறுதொடக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தேடிப்போனபோது அது மறுபடி தோன்றவில்லை. செவ்வாயிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகத் தரவு கிடைத்ததும் பணிகளின் நெரிசல் கூடியதும்தான் அதை அடிக்கடி நிகழவைத்தன. தறிமேடையின் மேசையில் ஏன் தோன்றவில்லை என்பதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. லியூவுடன் சேர்ந்து எல்லையை நிறுவிய லேலண்ட் அந்த ஆண்டில் வேலை பார்த்த இடம் இதே ஜெட் உந்துவிசை ஆய்வகம்தான். இரவல் முன்னுரிமையைக் கணித முறையில் அலசி 1990இல் கட்டுரை வெளியிட்ட ஷா, ராஜ்குமார், லெஹோக்ஸ்கி மூவரில் நடுவே இருக்கும் ரகுநாதன் ராஜ்குமார், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்துவிட்டு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். ஆலைகள் சூழ்ந்த ஊரிலிருந்து போனவரின் கணக்கு இன்று ஓர் ஆலைப் பலகைக்கே உதவுவதில் எனக்கு மகிழ்ச்சி.

பதிவு 7 | தறிமேடை

செம்மண்தடம் ஊகித்தது சரி. மேசையில் சோதித்தபோது என் மடிக்கணினி நொடிக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆலையின் மையக் கணினி 40 மில்லிநொடிக்கு ஒன்று அனுப்புகிறது. பலகையின் கடிகாரத்துக்கும் மையக் கணினியின் கடிகாரத்துக்கும் தொடர்பு இல்லாததால், கேள்வி வரும் கணம் மெல்ல நகர்ந்து நகர்ந்து, நாளில் ஓரிரு முறை அந்த 3 மில்லிநொடிக்குள் விழுகிறது.

பதிவு 8 | கெடுமுந்தி

நிலையான முன்னுரிமையையே விட்டுவிட்டு, எந்தப் பணியின் கெடு முந்தி வருகிறதோ அதை முதலில் ஓட்டும் முறைக்குப் போனால் என்ன? லியூ, லேலண்ட் கட்டுரையிலேயே அந்த முறையில் பயன்பாடு 100 விழுக்காடு வரை போகலாம் என்று நிறுவியிருக்கிறார்கள். லினக்ஸில் 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்தே பணிகளை அப்படி ஓட்டும் வசதி இருக்கிறது.

பதிவு 9 | நொடிமுள்

பூட்டுச் சிக்கல் அங்கும் அப்படியே வரும். பதிவுப் பணியின் கெடு 200 மில்லிநொடி தள்ளி இருக்கும்; அப்போது வந்த தொடர்புப் பணியின் கெடு 40 மில்லிநொடியில் இருக்கும்; ஆகவே தொடர்புப் பணிதான் முதலில் ஓடும், பூட்டு பதிவுப் பணியின் கையிலேயே இருக்கும். பேக்கர் 1991இல் வெளியிட்ட அடுக்குமுறை வளக் கொள்கை அந்த முறைக்கும் பொருந்தும்படி இதைத் தீர்க்கிறது. ஆனால் 0.60 பயன்பாட்டில் 100 விழுக்காட்டு எல்லை இவருக்குத் தேவையே இல்லை. சுமை மிகும்போது எது தவறும் என்பது நிலையான முன்னுரிமையில் முன்பே தெரியும்: கடைசிப் பணி தவறும். கெடு முந்தும் முறையில் ஒன்று தவறினால் அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். மோட்டாரை நடத்தும் பணி தவறுவதைவிடக் கணக்கு எழுதும் பணி தவறுவதே மேல் என்று நான் கருதுகிறேன்.

பதிவு 10 | சில்லுக்கடை

என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகத்தை இரட்டித்தால் தொடர்புப் பணி 5, கட்டுப்பாட்டுப் பணி 1 ஆகும். ஃபிளாஷ் சில்லு எழுதி முடிக்கும் 3 மில்லிநொடி செயலியின் வேகத்தைச் சார்ந்ததில்லை என்பதால் அப்படியே நிற்கும். மொத்தம் 9. கெடுவுக்குள் வந்துவிடுகிறது, ஆனால் ஒரு மில்லிநொடிதான் மிச்சம். நாளைக்கு நடு முன்னுரிமையில் இன்னொரு சிறு பணி சேர்ந்தாலே நூல் மறுபடி அறும். அப்போது காரணம் இன்னும் ஆழத்தில் புதைந்திருக்கும். எனவே சில்லை மாற்ற வேண்டாம்.

ஆனால் இரவல் முன்னுரிமைக்கெல்லாம் போகாமல், பஸ்ஸைப் பிடித்திருக்கும்வரை, ஓடும் பணியை இடைமறிக்கும் வன்பொருள் குறுக்கீடுகளை முடக்கிவிட்டால் யாருமே ஓரங்கட்ட முடியாதே?

பதிவு 11 | இணைப்புத்தடம்

3 மில்லிநொடி முடக்கக் கூடாது. மோட்பஸ் 115200 வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் முப்பதுக்கும் மேற்பட்ட பைட்டுகள் வந்து, அவற்றைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் தனி இடையகம் இல்லையென்றால் தொலைந்துபோகும். பஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத பணிகளும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கும்.

நான் வன்பொருள் பக்கம் வேலை பார்ப்பவன். எனக்கு உறுத்துவது அந்த 3 என்ற எண்தான். ஃபிளாஷ் சில்லுக்கு ஒரு பக்கத்தை அனுப்புவது வேறு, அது தனக்குள் எழுதிக்கொள்வது வேறு. கட்டளைக்கும் முகவரிக்கும் 4 பைட், தரவு 256 பைட், ஆக 260 பைட்டுகளை 8 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் அனுப்ப 260 மைக்ரோநொடி போதும். அதன் பிறகு, எந்தச் சில்லோடு பேசுகிறோம் என்று காட்டும் தேர்வுக் கோட்டை உயர்த்தியதும் சில்லு தனக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிடும். அதற்கு வழக்கமாக ஒரு மில்லிநொடிக்குள்ளும் மோசமான நிலையில் 3 மில்லிநொடியும் ஆகலாம். அந்நேரம் முழுவதும் பஸ் வெறுமையாகவே கிடக்கிறது. பெரும்பாலான எடுத்துக்காட்டு நிரல்கள் ‘வேலையாக இருக்கிறேன்’ என்ற பிட் இறங்கும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டே சில்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். தறிமேடையின் நிரலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பக்கத்தை அனுப்பியதும் பூட்டை விட்டுவிடுங்கள். பணியை ஒரு மில்லிநொடி உறங்கவைத்து, பூட்டை மறுபடி பிடித்து நிலைப் பிட்டை மட்டும் படித்து, உடனே விடுங்கள். இடையில் ஏடிசி சில்லோடு கட்டுப்பாட்டுப் பணி தாராளமாகப் பேசலாம். அதற்குத் தனித் தேர்வுக் கோடு இருக்கிறது. பூட்டு பிடிக்கப்படும் நேரம் 3 மில்லிநொடியிலிருந்து 0.26 ஆகச் சுருங்கும். இரவல் முன்னுரிமையும் வேண்டும், அதோடு இதுவும் வேண்டும். லினக்ஸின் நிகழ்நேர வடிவமான ஆர்டிலினக்ஸை உருவாக்கிய விக்டர் யோடைக்கன் 2002இல் இரவல் முன்னுரிமைக்கு எதிராகவே எழுதினார். பூட்டே தேவைப்படாதபடி வடிவமைப்பதே முறை என்ற அவருடைய வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் பூட்டுக்குள் இருக்கும் நேரத்தை முதலில் குறைக்காமல் நெறிமுறையை நம்பி உட்காரக் கூடாது என்ற அளவில் ஏற்கிறேன்.

பதிவு 12 | நொடிமுள்

இணைப்புத்தடம் சொன்னது என் விடையைவிடச் சிறந்தது. ஓர் எச்சரிக்கை மட்டும்: பதிவுப் பணி நடுவில் உறங்குவதால் அதன் ஓட்டம் துண்டுபடும். அது கடைசி முன்னுரிமை என்பதாலும், காத்திருப்பு ஏற்கெனவே அந்த 30 மில்லிநொடிக்குள் அடங்கியிருந்ததாலும் இங்கே கேடில்லை. மேல்பணி ஒன்று இப்படி நடுவில் உறங்கினால் கீழே உள்ளவற்றின் கணக்கு மாறிவிடும். இதே உத்தியைக் கட்டுப்பாட்டுப் பணியில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டாம்.

பதிவு 13 | செம்மண்தடம்

மறுதொடக்கம் என்ற காவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெடு ஒருமுறை தவறியவுடன் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் தொடங்க வேண்டுமா என்பதை யோசியுங்கள்.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது கணினி 1202, 1201 என்ற எச்சரிக்கைகளைக் காட்டியது பலருக்கும் தெரியும். தாய்க்கலத்தோடு மறுபடி சேர உதவும் சந்திப்பு ரேடாரின் மின்னிணைப்பில் இருந்த கட்ட வேறுபாட்டால், தேவையற்ற எண்ணித் துடிப்புகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து கணினியின் நேரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு வரை தின்றுகொண்டிருந்தன. 2 நொடிக்கு ஒருமுறை ஓடும் வழிநடத்தல் பணி முடிவதற்குள் அடுத்தது எழுந்து, பணிகளுக்கான இடங்கள் தீர்ந்துபோயின. அப்போது அந்த நிரல் மறுதொடக்கம் ஆனது. ஆனால் எல்லாவற்றையும் இழக்கவில்லை. ஹால் லேனிங் வடிவமைத்த, பணிகளை முன்னுரிமைப்படி ஓட்டும் செயல்மேலாளரின் மேல் அமைத்த ஏற்பாட்டின்படி, முக்கியப் பணிகள் தாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். கூடுதல் காட்சி போன்ற சிறு வேலைகள் மட்டும் உதிர்ந்துவிடும். எஞ்சின் நிற்கவில்லை, கலம் இறங்கியது.

உங்கள் இயந்திரத்தில் 10 மில்லிநொடி மோட்டார் பழைய கட்டளையிலேயே ஓடினால் நூல் அறுமா?

பதிவு 14 | தறிமேடை

அறாது. இழுவிசை அவ்வளவு வேகமாக மாறுவதில்லை என்று இயந்திரப் பொறியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தொடர்ந்து மூன்று சுற்றுகள் தவறினால்தான் ஆபத்து. ஆகவே முதல் தவறுக்குப் பழைய கட்டளையைத் தொடர்வதோடு அதை எண்ணிக்கையில் பதிவதும், இரண்டாவது தொடர் தவறுக்கு மோட்டாரை மெல்ல நிறுத்துவதும் என்று காவலை மாற்றிவிட்டேன். எண்ணிக்கையைப் பதிவதை முக்கியமாகக் கருதுகிறேன். இல்லையென்றால் சிக்கல் ஒளிந்துகொள்ளும்.

திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, மடிக்கணினியிலிருந்து 40 மில்லிநொடிக்கு ஒரு கேள்வி வீதம், வேண்டுமென்றே கடிகாரம் சற்று விலகும்படி அனுப்பி அளந்தேன். பழைய நிரலில் கட்டுப்பாட்டுப் பணியின் மிக நீண்ட நேரம் 14.6 மில்லிநொடி. செமஃபோரை மட்டும் மியூடெக்ஸாக மாற்றியபோது 4.7. பூட்டைச் சீக்கிரம் விடும்படி ஃபிளாஷ் நிரலையும் மாற்றியபோது 2.2. இரண்டு இரவுகள் மேசையிலும் ஐந்து நாட்கள் ஆலையிலும் ஓட்டியாயிற்று. தவறு எண்ணிக்கை இன்னும் சுழியத்திலேயே நிற்கிறது.

நொடிமுள் ஐயா சொன்னபடி, பணிப் பட்டியலில் ‘கீழ்ப் பணிக்காகக் காத்திருக்கும் நேரம்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆலைத் தரப்பில் மையக் கணினிக்கு இன்னும் சில கணக்குகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தொடர்புப் பணி 10இலிருந்து 14 மில்லிநொடியாக வளரும் என்று மதிப்பிட்டிருக்கிறேன். பட்டியலில் போட்டுப் பார்த்தேன்: பதிவுப் பணி 64இலிருந்து 74க்குப் போகிறது, தொடர்புப் பணிக்கு 18.26 வருகிறது, கட்டுப்பாட்டுப் பணி 2.26இலேயே நிற்கிறது. நாளை அவர்களுக்குச் சம்மதம் சொல்லப்போகிறேன்.